மழை வர்ற மாதிரி

1

‘மாதிரி’ என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை என்று முடிவு செய்து ஒரு வருஷம் ஆகிறது. அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாள் தமிழ் பேசிப் பாருங்கள், கஷ்டம் தெரியும். “அவளை மாதிரி” என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு “அவளைப் போல” என்கிறேன். என்ன, பட்டிமன்றமா என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறார். செய்துவிட்டுப் போகட்டும். அந்த ஒரு சொல்லால் என் அண்ணனுடைய இரண்டு ஏக்கர் கரிசல், எங்கள் வம்சத்தில் முதன்முதலாகச் சொந்தமான மண், இன்றைக்குக் கையை விட்டுப் போகிற இடத்தில் நிற்கிறது. போக வைத்தது நான்.

பிழைப்பு இங்கே நார்வேயில், மேற்குக் கரையில் மழை ஓயாத ஓர் ஊரில். கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரை வைத்து வானிலையும் பருவநிலையும் கற்றுக்கொடுக்கிறேன். பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் வெயில், காற்று, ஈரம், கடல் சூடு எல்லாவற்றுக்கும் கணக்குக் கொடுத்து, பொத்தானை அழுத்தினால் ஒரு வருஷம் திரையில் ஓடும். எந்தக் காலண்டரிலும் இல்லாத கற்பனை வருஷம். மறுபடி அழுத்தினால் வேறொரு வருஷம். பாடமே அந்த ‘வேறு’தான்.

போன திங்கட்கிழமை ஒரு பையன் ஊர்ப் பட்டியலில் ஒரு பெயரைக் காட்டி, இதை எப்படிப் படிப்பது என்று கேட்டான். திருச்சுழி. எங்கள் ஊர்ப் பக்கம். நான்தான் போன வருஷம் ஆசையாகச் சேர்த்து வைத்தது, எடுக்க மறந்துவிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் பொத்தானை அழுத்திவிட்டான். அக்டோபரில் மழையின் நீலக் கோடு ஜம்மென்று எழுந்தது. நல்ல மழை பெய்யும் ஊர் போலிருக்கிறதே என்றான். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்தேன்.

2

முதல் கோணல் ‘மாடல்’ என்ற சொல்லில் ஆரம்பித்தது.

வேலை கிடைத்த புதிதில் போனில் மதினி என்ன வேலை என்று கேட்டார்கள். நானும் பெருமையாக “க்ளைமேட் மாடலிங்” என்றேன். மதினிக்குப் பின்பாதிதான் காதில் விழுந்திருக்கிறது. ஒரே வாரத்தில் ஊர் முழுக்கச் சேதி. திருச்சுழியில் பஸ்ஸுக்கு நின்ற அண்ணனிடம் எவனோ, தங்கச்சி மாடலிங் பண்ணுதாமே, எந்த விளம்பரத்தில வருது என்று கேட்டுவிட்டான். அன்று சாயங்காலமே போன் வந்தது. அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு நாளும் என்னிடம் குரலை உயர்த்தியவர் இல்லை, அன்றும் உயர்த்தவில்லை.

“ஏத்தா, நீ என்னதான் வேல பாக்குற? நாலு பேரு கேக்குறப்ப சொல்ற மாதிரி ஒரு வேலையச் சொல்லு.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் புஞ்சையில் களை எடுத்தவர்கள். பள்ளிக்கூட லீவில் நாங்களும் எடுத்தோம். அண்ணன் எட்டாவதோடு நிறுத்திவிட்டு, பிறகு அருப்புக்கோட்டை மில்லுக்கு லோடு வண்டி ஓட்டித்தான் என்னைப் படிக்க வைத்தார். அவரிடம் போய்ச் சிரித்ததற்கே என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சரி அண்ணே, இனிமேல் தமிழிலேயே சொல்கிறேன் என்றேன். மாடல் என்பதற்குத் தமிழ் என்ன? மாதிரி. புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. அன்றிலிருந்து ஊரில் யார் கேட்டாலும் “கம்ப்யூட்டர்ல வானிலை மாதிரி ஓட்டுறேன்” என்று அழகாகச் சொல்லிவந்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை அப்போது எனக்குத் தெரியவில்லை.

3

ஜெயந்தி என்னோடு கல்லூரியில் படித்தவள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் போகிற அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். போன வருஷம் ஆவணி கடைசியில் கூப்பிட்டாள். ஒன்பதாம் வகுப்புக்குப் பருவநிலைப் பாடம் வருகிறது, படத்தைக் காட்டி ஒப்பேற்ற மனசில்லை, நீ ஒரு சனிக்கிழமை ஆன்லைனில் வந்து உன் கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்டேன் என்றாள். அண்ணன் மகள் தர்ஷினி அந்த வகுப்பில்தான் இருக்கிறாள். மறு பேச்சில்லாமல் ஒத்துக்கொண்டேன்.

அந்த வகுப்புக்கு நான் தயாரான அளவு என் கல்யாணத்துக்குக்கூடத் தயாராகவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஊருக்கு ஏற்ற மாதிரி, பாருங்கள், வந்துவிட்டது. ஊருக்கு ஏற்றபடி மாற்றினேன். பட்டியலில் திருச்சுழியைச் சேர்த்தேன். ஆங்கில மாதங்களை எடுத்துவிட்டுப் புரட்டாசி, ஐப்பசி என்று போட்டேன். மில்லிமீட்டர் என்றால் யாருக்கு என்ன புரியும்? எங்கள் பக்கம் மழையை உழவில் சொல்வார்கள். ஏர் இறங்குகிற ஆழத்துக்கு மண் நனைந்தால் ஒரு உழவு மழை. திரையிலும் அப்படியே உழவுக் கணக்கில் வரவைத்தேன். புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு விஷயத்தைத்தான் சொல்லவில்லை. என் கணக்கில் திருச்சுழிக்கென்று தனிக் கட்டம் கிடையாது. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் கடல்வரை எல்லாம் ஒரே கட்டம். அதன் தலையில் நான் ஓர் ஊரின் பெயரை எழுதி ஒட்டியிருந்தேன். அவ்வளவுதான்.

வகுப்பு பிரமாதமாகப் போனது. நாற்பது முகம் திரையைப் பார்த்து வாயைப் பிளந்தன. பொத்தானை அழுத்தினேன். ஆனி, ஆடி காய்ந்து ஓடின. புரட்டாசி ஓடியது. ஐப்பசி பிறந்ததும் நீலம் எழும்பியது. நான் குரலை ஏற்றி, “பாருங்க, மாதிரியில ஐப்பசி மூணாந்தேதி ரெண்டு உழவு மழை இருக்கு” என்றேன். பிள்ளைகள் கைதட்டின. இப்போது மறுபடி ஓட்டுவோம், இதே இடத்தில் என்ன நடக்கிறது பாருங்கள் என்று சொல்லி இரண்டாவது முறை அழுத்தப் போனேன். அங்கே கரண்ட் போய்விட்டது.

அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஜெயந்தி செய்தி அனுப்பினாள். அடுத்த வாரம் காலாண்டுப் பரீட்சை. அதற்கடுத்து லீவு. இரண்டாவது ஓட்டத்தை அந்தப் பிள்ளைகள் பார்க்கவே இல்லை. அதில் ஐப்பசி முழுக்கக் காய்ந்து கிடந்திருக்கலாம், கார்த்திகையில் கொட்டியிருக்கலாம், எதுவோ ஒன்று. பார்த்திருந்தால் இது விளையாட்டு வருஷம் என்பது ஒரு நொடியில் விளங்கியிருக்கும். பாதிப் பாடத்தை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு அவை வீட்டுக்குப் போயின.

4

இங்கே அதே நாட்களில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தேன். கடிதத்தின் தலைப்பில் ‘வார்ஸெல்’ என்று முடிகிற ஒரு நீளமான சொல். நார்வே மொழியில் வானிலை முன்னறிவிப்புக்கும் வார்ஸெல்தான். நான் தினமும் புழங்குகிற சொல். ஆகா, இத்தனை நாளில் முடிவு வரும் என்று முன்கூட்டிச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினேன். மூன்று நாள் கழித்து என் மகள் நிலா அதைப் படித்துவிட்டு, “அம்மா, இது எச்சரிக்கை. உனக்கு இல்லைன்னு சொல்லப் போறாங்களாம்” என்றாள். பதினோரு வயது. அலுவலகக் கடிதங்களை எனக்கு அவள்தான் வாசித்துச் சொல்கிறாள். வேலை ஒப்பந்தத்தில் ஒரு தாள் குறைகிறதாம், அதைக் கொடுக்காவிட்டால் மறுத்துவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். ஓடிப்போய்த் தாளைக் கொடுத்தேன். முடிவு வரும்வரை நாட்டை விட்டுப் போகாதீர்கள், போனால் திரும்பி வருவதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூப்பிட்டார். குரலில் அப்படி ஓர் உற்சாகத்தை நான் கேட்டதே இல்லை. இரண்டு ஏக்கரிலும் புழுதி விதைப்பு முடிந்தது என்றார். மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டு மூடிவைப்பது. மழை சரியாக வந்தால் மற்றவர்களைவிடப் பத்து நாள் முந்திக்கொள்ளலாம். வராவிட்டால் விதை போகும். குதிரைவாலியும் உளுந்தும் போட்டிருக்கிறார். நிலம் வாங்கி முதல் விதைப்பு. எங்கள் இரண்டு பேர் பெயரிலும்தான் பத்திரம். தங்கச்சி இல்லாமல் எனக்கென்ன நிலம் என்று பிடிவாதமாக என் பெயரையும் எழுத வைத்தவர் அவர்.

வானம் எப்படி இருக்கிறது, யாராவது மழை சொன்னார்களா என்று கேட்டேன்.

“நீதானத்தா சொன்ன” என்றார். “ஐப்பசி மூணாந்தேதி ரெண்டு உழவு மழை வர்ற மாதிரி இருக்குன்னு அத்தை சொன்னாகன்னு தர்ஷினி நோட்டுல எழுதிட்டு வந்துச்சு. தேதி போட்டுருக்கு, உழவு போட்டுருக்கு. அத வச்சுத்தான வெதச்சோம். நான் மட்டுமா, பன்னெண்டு வீட்டுல வெதச்சிருக்காக.”

நான் வகுப்பில் சொன்னது, மாதிரியில் மழை இருக்கு. தர்ஷினி எழுதியது, மழை வர்ற மாதிரி இருக்கு. கரிசல்காட்டுப் பிள்ளையிடம் போய் முதலாவதைச் சொன்னால் அது இரண்டாவதைத்தான் கேட்கும். பிறந்ததிலிருந்து அது கேட்ட தமிழ் அதுதான். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? தேதியும் உழவும் போட்டுக் கொடுத்தது நான்.

விளக்கிச் சொன்னேன். அது பாடம் அண்ணே, உதாரணத்துக்கு ஒரு வருஷம், நிசமில்லை என்றேன்.  “சரி விடு, வெதச்சது வெதச்சாச்சு. நீ பொய் சொல்லியிருக்க மாட்ட” என்றார். அதைக் கேட்டபின் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

5

ஐப்பசி மூன்றாம் தேதி ஒரு சொட்டு இல்லை. காரியாபட்டிப் பக்கம் கொட்டியதாம், எங்கள் ஊரை எட்டிப் பார்க்கவில்லை. ஏழாம் தேதி அரை உழவுக்கு ஒரு தூறல் விழுந்தது. விழாமலே இருந்திருக்கலாம். அந்த ஈரத்தை நம்பி அத்தனை விதையும் முளைத்துவிட்டது. தர்ஷினி படம் அனுப்பினாள், கறுப்பு மண்ணில் பச்சைப் பொட்டு பொட்டாக. ‘அத்தை, வந்துருச்சு’ என்று எழுதியிருந்தாள்.

இங்கே ஜன்னலுக்கு வெளியே விடாத மழை. வேலைக்குப் போகும் வழியெல்லாம் ஓடைகள் நிரம்பி ரோட்டில் வழிந்தன. நான் இரவும் பகலும் நிஜமான வானிலை வரைபடங்களைத் திறந்து வைத்துக்கொண்டு வங்காள விரிகுடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உருப்படியாக ஒன்றும் இல்லை. முளைத்த ஆறாம் நாள் நுனி கருகியது. ஒன்பதாம் நாள் படம் வரவில்லை.

அன்றைக்கு அண்ணன் வீடியோவில் வந்தார். நிலத்தில்தான் நின்றுகொண்டிருந்தார், ஆனால் நிலத்தைக் காட்டவில்லை. தன் முகத்தை மட்டும் காட்டினார். நிலா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். தாய்மாமன் அல்லவா, அவளைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் மலர்ந்தது. என்ன தாயி, அங்க மழையா என்று கேட்டார்.

“ஆமா மாமா. ஒரே மழை. அசிங்கமா இருக்கு” என்றாள்.

இங்கே மழை நாளை அசிங்கமான வானிலை என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் பேசுவதை அப்படியே தமிழாக்கிவிட்டாள். அவள் மேல் தப்பில்லை. மழையைப் பார்த்து அசிங்கம் என்று ஒரு பிள்ளை சொல்லி அண்ணன் அதுவரை கேட்டிருக்கமாட்டார். “அப்பிடியா தாயி” என்று மட்டும் சொன்னார். நான் போனைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அவளை அடிக்கக் கை வந்தது. எதற்கு அடிப்பது என்று எனக்கே சொல்லத் தெரியாததால் அடிக்கவில்லை.

6

அந்த போனிலேயே அவர் இன்னொன்றையும் கேட்டார். எல்லாவற்றையும்விட என்னை வதைப்பது அதுதான்.

ஒரு முறை விதைக்க இன்னும் கொஞ்சம் விதை வைத்திருந்தார். பன்னிரண்டு வீட்டிலும் அதே நிலைமை. இப்போது போட்டு மழை வந்தால் பிழைத்துக்கொள்ளலாம். வராவிட்டால் சாப்பாட்டுக்கென்று எடுத்து வைத்ததும் மண்ணோடு போகும். பாடம் இல்லை, விளையாட்டு இல்லை, நிசமான கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல் என்றார்.

நான் பார்த்திருந்தேன். ஒரு கணிப்பு பத்து நாளில் காற்றழுத்தத் தாழ்வு என்றது. இன்னொன்று அது ஆந்திராவுக்குப் போய்விடும் என்றது. மூன்றாவது இரண்டுக்கும் நடுவில் நின்றது. இதைத்தான் நான் மாணவர்களுக்கு வருஷாவருஷம் கற்றுக்கொடுக்கிறேன். எதிர்காலம் ஒற்றைக் கோடு அல்ல, பல கோடுகள், நிச்சயமின்மையை மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை என்று. பரீட்சையில் அப்படி எழுதினால் முழு மதிப்பெண் போடுவேன்.

பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது அண்ணே என்று ஆரம்பித்தேன்.

“வாய்ப்பெல்லாம் வேணாம்த்தா. வரும், வராது. ரெண்டுல ஒண்ணு சொல்லு. நீ சொல்றபடி செய்யிறேன்.”

வரும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு முறை என் வாயால் கருகியதைப் பார்த்துவிட்டு இரண்டாவது முறை அந்தச் சொல்லைச் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. வராது என்று சொல்லவும் மனம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன்.

“தெரியலண்ணே.”

“இம்புட்டுப் படிச்சும் தெரியலையா” என்றார். குத்திக் காட்டவில்லை. நிசமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார்.

அவர் விதைக்கவில்லை. தங்கச்சிக்கே தெரியலையாம் என்று அவர் சொன்னதால் மற்ற வீடுகளிலும் விதைக்கவில்லை. அந்த போன் வந்த பதினோராம் நாள் மழை வந்தது. மூன்று உழவு மழை. மூன்று நாள் நின்று நிதானமாகப் பெய்தது. இத்தனை வருஷத்தில் மண்ணுக்கு அப்படி ஒரு பதம் வந்ததில்லை என்று ஜெயந்தி சொன்னாள். விதையில்லாத மண்ணில் பெய்தது. பிறகு விதைக்கலாம் என்றால், சேறு உலர்ந்து ஏர் இறங்குவதற்குள் விதைக்கிற பட்டம் தப்பிவிட்டது.

போய் அவர் காலில் விழவாவது போயிருப்பேன். அனுமதி அட்டை மாசி மாதம்தான் வந்தது. அதற்குள் அண்ணன் மறுபடி லோடு வண்டிக்குப் போய்விட்டார். பங்குனியில் ஊருக்குப் போய் வந்தேன். இருந்த பத்து நாளில் அவர் மழை என்ற பேச்சையே எடுக்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிட்டாயா என்று கேட்டார். நான் புஞ்சைக்குப் போய்ப் பார்க்கலாமா என்றபோது, அங்க என்னத்தா இருக்கு என்று சொல்லிவிட்டார். தர்ஷினிதான் ஒரு நாள் தண்ணீர் எடுக்கப் போகும் வழியில், “அத்தை, நான் தப்பா எழுதிட்டேனா?” என்று கேட்டாள். இல்லடி, நீ கேட்டதைத்தான் எழுதினாய் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. பத்தாவதுக்குப் பிறகு அறிவியல் எடுக்கப்போவதில்லை என்று ஜெயந்தியிடம் சொல்லியிருக்கிறாள்.

7

இந்தப் புரட்டாசியில் எல்லோரும் வானத்தைப் பார்க்கிற நேரத்தில் அண்ணனிடமிருந்து ஒரு பத்திரம் வந்தது. சோலார் கம்பெனிக்காரர்கள் எங்கள் பக்கம் நிலம் கேட்டு வருகிறார்கள். முப்பது வருஷ லீஸ். இரண்டு ஏக்கரிலும் கம்பி நட்டுக் கண்ணாடிப் பலகை பரப்பிவிடுவார்கள். அந்த முப்பது வருஷம் முடியும்போது அண்ணனுக்கு எண்பது நெருங்கியிருக்கும். நிலப் பத்திரம் இருவர் பெயரிலும் இருப்பதால் என் கையெழுத்தும் வேண்டும். தூதரக அதிகாரி முன்னால் போட்டு, முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும்.

போன் செய்தேன். வேண்டாம் அண்ணே என்று கெஞ்சினேன். இந்த வருஷம் நானே தினமும் பார்த்துச் சொல்கிறேன், இன்னும் ஒரு முறை விதைத்துப் பாருங்கள், விதை போனால் நான் ஏற்றுக்கொள்கிறேன், நம் அப்பா அம்மா ஒரு சாண் மண்ணுக்கு ஏங்கிச் செத்தார்கள் என்றெல்லாம் ஏதேதோ சொன்னேன். கடைசியில் அழுதுவிட்டேன். அவர் நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சின்ன வயதில் நான் முள் தைத்துக்கொண்டு அழுதால் எப்படிப் பேசுவாரோ, அதே குரலில்தான் பேசினார்.

“அழுகாதத்தா. ஒம்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. இவுகளுக்கு வேண்டியது வெயிலு. வெயிலு வருமா வராதான்னு நான் யாரையும் கேக்க வேண்டியதில்ல பாத்துக்க.”

வெள்ளிக்கிழமை விடியற்காலை விமானம் பிடித்து ஆஸ்லோ போனேன். தூதரகத்தில் கூட்டமில்லை. கவுண்ட்டரில் இருந்தவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மனமொப்பித்தானே கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று கேட்டார். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். ஆமாம் என்றேன். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அண்ணனுக்குப் போட்டாயிற்று என்று செய்தி அனுப்பினேன். ‘சாப்புட்டியாத்தா’ என்று பதில் வந்தது.